மறந்துபோன டீ

மருத்துவமனை, மூன்றாம் மாடி
மார்ச் 4

அன்புள்ளவளுக்கு,

நலம். நீ நலமா. எழுத்து கோணுகிறது, கோபிக்காதே. வலது கையால் எழுதுகிறேன். இங்கே ஒரு கைப்பயிற்சிக்காரம்மா இருக்கிறாள். கடிதம் எழுதச் சொன்னாள். யாருக்கு என்றேன். யாருக்கு வேணும்னாலும் என்றாள். உன் விலாசம்தான் நினைவில் இருந்தது. பேனா கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. எடுத்துத் தர ஒருவரும் வரவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இதை எழுதி முடிப்பதற்குள் காலைப் பொழுது போய்விட்டது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்


தங்கை வீடு
மார்ச் 9

பெரியவனின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. யாரோ சின்னக் குழந்தை எழுதியது என்று நினைத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். "அக்கா, இது அத்தான் எழுத்துக்கா" என்றாள். அவளுடைய பிரேம் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுததை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

பெரியவன் போனில் எல்லாம் சொன்னான். குளியலறையில் நீங்கள் விழுந்தது, வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து ஆம்புலன்ஸில் ஏற்றியது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். அவனுக்கு வெளிநாட்டிலிருந்து லீவு கிடைக்கவில்லையாம், சின்னவளுக்குக் கைக்குழந்தையாம். "நீ போயேம்மா" என்றான். மாப்பிள்ளைக்குத் தலைவலி என்றால் பெண்ணை அனுப்புவதுபோல அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

ஒரு வாரம் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பி இரண்டு வருடம் ஆகிறது. யார் கேட்டாலும் நீங்கள் இன்னும் "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா" என்றுதான் சொல்கிறீர்களாம். நானும் இங்கே அப்படித்தான் சொல்கிறேன். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லலாம். ஃபேன் கம்பெனியில் செக்கிங் ஆபீசராக இருந்தவர் ரிட்டையர் ஆனதும் என் சமையலறையை செக்கிங் செய்ய ஆரம்பித்தார் என்று ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? டீயில் சாயம் தூக்கல், சூடு இறக்கம், நுரை சரியில்லை. அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள்.

அது இருக்கட்டும். நான் வர வேண்டுமா என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு நன்றி சொல்வதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறவள்


மருத்துவமனை
மார்ச் 16

அன்புள்ளவளுக்கு,

கோணல் கொஞ்சம் குறைந்திருப்பதைக் கவனி. கவனிக்காவிட்டாலும் பாராட்டி ஒரு வரி எழுது. இங்கே பாராட்டுக்குப் பஞ்சமில்லை, ஒரு பித்தானைப் போட்டாலே கை தட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாரையும் பாராட்டுகிறார்கள், அதில் என்ன மதிப்பு.

டாக்டர் காலையில் வருகிறார், ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், போகிறார். உயிரைக் காப்பாற்றியது அவர்தான், சந்தேகமில்லை. காப்பாற்றிய உயிருக்குச் செருப்பு மாட்டக் கற்றுத் தருவது வேறு ஒரு கூட்டம். அதில் முதல் ஆள் நடைப்பயிற்சிக்காரர். வார்டில் அவருக்கு 'எந்திரி சார்' என்று பெயர். நான் வந்து சேர்ந்த மறுநாளே கட்டிலருகில் நின்று, "எந்திரிங்க சார், படுத்தது போதும்" என்றார். "யோவ், எனக்குப் பக்கவாதம்யா" என்றேன். "அதனாலதான் சார் எந்திரிக்கச் சொல்றேன். காய்ச்சல்னா படுத்துக்கங்கன்னு சொல்லிருப்பேன்" என்றார். அடுத்தது பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண். அவளுக்கு என் பேச்சைவிடத் தொண்டை மேல்தான் கண். தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து பசை மாதிரி ஆக்கித்தான் தருகிறாள். வெறும் தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடுமாம். மூன்றாவது, உனக்கு எழுத வைத்த கைப்பயிற்சிக்காரம்மா.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் எதையாவது செய்யத் திணறும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மரியாதை என்று நினைத்து முதலில் கொஞ்சம் பூரித்தும் போனேன். கடைசியில் பார்த்தால், ஓடி வந்து உதவி செய்துவிடாமல் இருக்கத் தங்கள் கையைத் தாங்களே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்டு நான் உள்ளேயிருந்து கத்துகிறேன், வெளியே அந்த அம்மா, "வலது கைய முதல்ல தேடுங்க சார், அங்கதான் எங்கேயாவது இருக்கும்" என்கிறாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவி யாரும் பார்க்காதபோது அவருக்கு ஊட்டிவிடுகிறாள். நேற்று எந்திரி சார் பிடித்துவிட்டார். "அக்கா, நீங்க பாசமா ஊட்டுறீங்க, அவர் கை ஜாலியா லீவு எடுக்குது" என்றார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். டிரைவர் மட்டும் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார்.

நீ வருவதைப் பற்றி: எழுத ஆரம்பித்தேன். கை வலிக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர்


தங்கை வீடு
மார்ச் 22

பெரியவனின் அப்பாவுக்கு,

கை வலிக்கிறதாம். பஸ் டிரைவர் மென்றதைப் பற்றி எழுதும்வரை வலிக்காத கை.

எழுத்து நன்றாகத் தேறியிருக்கிறது. பாராட்டிவிட்டேன், போதுமா? அந்தப் பிள்ளைகளை செக்கிங் செய்யாமல் இருங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கை தட்டினால் நீங்களும் கொஞ்சம் சிரியுங்கள், முகத் தசைக்கும் பயிற்சி.

இங்கே தங்கையின் பிரேம் கடையில் வேலை மும்முரம். பரீட்சை முடிவு வந்துவிட்டால் எல்லோரும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கண்ணாடி வெட்டுவது இப்போது நான்தான். வைரக் கத்தியால் ஒரே கோடு, ஒரே அழுத்தம், பிறகு மேசை ஓரத்தில் வைத்து ஒரு தட்டு. முதலில் எத்தனை கண்ணாடியைப் பாழாக்கினேன் என்று தங்கை உங்களிடம் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். இப்போது வாடிக்கையாளர்கள் "பெரியம்மா வெட்டட்டும்" என்று காத்திருக்கிறார்கள்.

பெரியவன் மறுபடி போன் செய்தான். நீங்கள் எழுதாமல் விட்டதை நானே எழுதிவிடுகிறேன். உங்களைப் பார்க்க எனக்கு ஆசைதான். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் மறுபடி வெளியே வர மாட்டேனோ என்றுதான் பயம். நோயாளியை விட்டுவிட்டு எந்தப் பெண்பிள்ளை கண்ணாடி வெட்டப் போவாள்? ஊர் என்னைச் சும்மா விடுமா? முதலில் நானே என்னைச் சும்மா விட மாட்டேன்.

மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் அதையும் வலது கையாலேயே எழுதுங்கள்.

தங்கை வீட்டுக்காரி


மருத்துவமனை
மார்ச் 30

அன்புள்ளவளுக்கு,

கோபம் இல்லை. இது வேறு விஷயம். கொஞ்சம் கெட்ட செய்தி.

இங்கே வார்டின் கோடியில் ஒரு சின்னச் சமையலறை இருக்கிறது. அடுப்பு, சிங்க், பாத்திரம் எல்லாம் வீட்டில் இருக்கிற மாதிரி. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் நோயாளியை அங்கே நிறுத்திப் பழக்கமான வேலை ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள். கையில் பலம் இருக்கிறதா என்பது மட்டுமில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய மூளைக்கு ஞாபகம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். என் மாதிரி அடைப்பு வந்தவர்களுக்குச் சில சமயம் அந்த வரிசை அழிந்துபோகுமாம். சீப்பைக் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்களாம்.

கைப்பயிற்சிக்காரம்மா கேட்டாள். "உங்களுக்கு நல்லாப் பழக்கமானது எது சார்?" டீ என்றேன். டீ விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றும் சொன்னேன்.

போய் நின்றேன். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை. குமிழைத் திருகுவதா அழுத்துவதா என்று ஒன்றும் பிடிபடவில்லை. அவள் பற்றவைத்தாள். பாலைத் தம்ளரில் ஊற்றி, அதில் தூளைப் போட்டு, தம்ளரை அப்படியே அடுப்பில் வைக்கப் போனேன். தம்ளர் பிளாஸ்டிக். அவள் பின்னால் கட்டிய கையை அவிழ்த்து ஓடி வந்து பிடுங்கினாள். நான் இங்கு வந்ததிலிருந்து அவள் கை அவிழ்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாரும் கூடிப் பேசினார்கள். கால் தேறிவிட்டது, கை தேறுகிறது, தலைதான் சந்தேகம். தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். கூட ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். இத்தனை வருடம் விடாமல் இருந்த ஒரு டீ தலையைவிட்டுப் போயிருக்கிறது பார். இன்னும் என்னென்ன போயிருக்கிறதோ என்று ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது.

பெரியவன் உனக்கு போன் செய்வான். செய்யாதே என்றேன். நாக்கு இன்னும் குழறுவதால் அவனுக்குப் புரியவில்லை. அல்லது புரியாத மாதிரி இருந்தான். அவன் என்ன சொன்னாலும் நீ பெட்டியைக் கட்டாதே. பராமரிப்பு இல்லத்திலும் ஃபேன் இருக்கும், பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

உன் வீட்டுக்காரர்


தங்கை வீடு
ஏப்ரல் 4

பெரியவனின் அப்பாவுக்கு,

பெரியவன் போன் செய்தான். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, துடைத்து, நாலு புடவையை உள்ளே வைத்துவிட்டேன். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

படித்தேன். மறுபடியும் படித்தேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தேன் பாருங்கள், நிறுத்த முடியவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று தங்கை தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

டீ போட எப்போது உங்களுக்குத் தெரிந்திருந்தது?

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீங்கள் அடுப்பைப் பற்றவைத்ததுண்டா? பெரியவன் பிறந்தபோது உங்கள் அம்மா போட்டார்கள். சின்னவள் பிறந்தபோது டீக்கடையில் வாங்கினீர்கள். எனக்கு அம்மை போட்டிருந்தபோது என் தங்கை வந்து போட்டாள். குடித்தீர்கள், குறை சொன்னீர்கள், அதில்தான் உங்களை மிஞ்ச ஆளில்லை. போடவே தெரியாததை எப்படி ஐயா மறப்பது?

இதோ, அந்த அம்மாவுக்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். அவளிடம் காட்டுங்கள்.

கைப்பயிற்சிக்கார அம்மாவுக்கு வணக்கம். இவர் மூளையில் டீ அழிந்துபோகவில்லை. அது அங்கே குடியிருந்ததே இல்லை. இவர் மனைவி சொல்கிறேன், இதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. வேறு ஏதாவது, இவருக்கு நிஜமாகவே தெரிந்ததைக் கொடுத்துப் பாருங்கள். ஃபேன் கொடுத்துப் பாருங்கள்.

மெனக்கெட்டு ராத்திரி முழுக்கத் தேடினீர்களாமே. இனிமேல் எதையாவது காணவில்லை என்றால் முதலில் என்னைக் கேளுங்கள். இருந்ததா இல்லையா என்று நான் சொல்கிறேன்.

தங்கை வீட்டுக்காரி


மருத்துவமனை
ஏப்ரல் 12

அன்புள்ளவளுக்கு,

மானத்தை வாங்கிவிட்டாய். சந்தோஷம்.

கைப்பயிற்சிக்காரம்மா உன் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். முகம் சிவந்துபோய், "சார், நீங்க தினமும் டீ போடுவீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். "நானும் அப்படித்தாம்மா நெனச்சிட்டு இருந்தேன்" என்றேன். பொய்யில்லை. அத்தனை வருடம் நாற்காலி போட்டுப் பார்த்ததில் எனக்கும் தெரியும் என்று ஒரு நினைப்பு. பேச்சுப் பயிற்சிப் பெண் சிரித்துச் சிரித்து அவளுக்கே புரையேறிவிட்டது. டிரைவர் மனைவி எனக்குக் கேட்கும்படியாக, "நம்ம வீட்டுலயும் இதே கதைதான்" என்றாள்.

பிற்பகல் எந்திரி சார் ஸ்டோர் ரூமிலிருந்து ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். "பிரிங்க சார்." எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்கம்பியைக் கழற்றினேன். இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி மற்றத் திருகுகளுக்கு நேர் எதிராகக் கழலும், புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் அதில்தான் மாட்டுவார்கள். எனக்கு யோசனையே வரவில்லை, கை தானாகச் சரியான பக்கம் திரும்பியது. வலது கை! நட்டு நழுவி விழுந்தது, குனிந்து எடுத்தேன். அது கட்டிலுக்கடியில் ஓடியது, அங்கேயும் போனேன். உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து இறுகிப்போயிருந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, வரிசை மாறாமல் மாட்டினேன். சொருகினேன். ஓடியது. அடியில் கொஞ்சம் அதிர்வு இருக்கிறது, எங்கள் கம்பெனியாக இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பியிருப்பேன். இருந்தாலும் ஓடியது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். என் தலை என்னிடம்தான் இருக்கிறது.

மறுநாளிலிருந்து டீ வகுப்பு. அந்த அம்மா ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வது மாதிரி ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருகிறாள். முதல் டீயை எந்திரி சாருக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சார், கால் பயிற்சிய ரெண்டு மடங்காக்கிடலாம்" என்றார். நேற்று போட்டதை டிரைவர் மிச்சம் வைக்காமல் குடித்தார். சாயம் கொஞ்சம் தூக்கல்தான்.

மறுபடி கூடிப் பேசினார்கள். தனியாகப் போகலாம் என்றுவிட்டார்கள்! குளியலறையில் பிடிக்கம்பி வைக்க வேண்டும், இவர்கள் முறைபோட்டு வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பெரியவனிடம் நானே சொன்னேன், இந்த முறை புரிந்ததாம். புடவையை வெளியே எடுத்து வைத்துவிடு.

உன் வீட்டுக்காரர்


தங்கை வீடு
ஏப்ரல் 18

பெரியவனின் அப்பாவுக்கு,

ஃபேன் ஓடியதைப் படித்துவிட்டுக் கடையில் எல்லாரிடமும் சொன்னேன். பிரேம் வாங்க வந்தவர்கள்கூடச் சந்தோஷப்பட்டார்கள். தங்கை உங்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் எழுதி மாட்டலாம் என்கிறாள். கண்ணாடி நான் வெட்டித் தருகிறேன்.

புடவையை வெளியே எடுத்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது. அன்று சாயங்காலமே என்னமோ போலவும் ஆகிவிட்டது. நான் வேண்டாம் என்று இவ்வளவு ஜோராக எழுதிவிட்டாரே என்று ஒரு கோபம். வரச் சொன்னாலும் குற்றம், வர வேண்டாம் என்றாலும் குற்றம், நானும் உங்களைப் போல ஆகிவிட்டேன். என்னைச் சுமக்க வைக்கக் கூடாது என்றுதான் நீங்கள் அந்தப் பிளாஸ்டிக் தம்ளரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று தெரிகிறது. தெரிவதால்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதாக இல்லை. இங்கே எனக்கு வேலை இருக்கிறது, பிடித்திருக்கிறது. ஆனால் உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் வாருங்கள். கடைக்கு மேலே என் அறை. படிகள் செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். உங்கள் எந்திரி சாரிடம் சொன்னால் அதற்கு ஏதாவது வழி வைத்திருப்பார். எப்போது முடியுமோ அப்போது. அவசரமில்லை என்று எழுத நினைத்தேன், எழுத மாட்டேன்.

தங்கை வீட்டுக்காரி


நம் வீடு
மே 20

அன்புள்ளவளுக்கு,

வீட்டுக்கு வந்து நாளாகிவிட்டது, உடனே பதில் எழுதாததற்குத் திட்டாதே. உறுதியான தேதியோடுதான் எழுதுவது என்று வைராக்கியமாக இருந்தேன்.

உன் படிகளைப் பற்றிச் சொன்னதும் எந்திரி சாருக்கு ஒரே உற்சாகம். "இதுவரைக்கும் சும்மா நடந்தோம் சார், இனிமே ஒரு இடத்துக்குப் போறதுக்கு நடக்கலாம்" என்று தினமும் ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏற்றினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலம் குறைந்த கால் முதலில். வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. போன வாரம் பஸ் நிறுத்தத்துக்கே அழைத்துப் போய்விட்டார். நான் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கண்டக்டர் "சீக்கிரம் ஏறு பெரியவரே" என்று கத்துகிறான். "ஏன்யா, பஸ்ஸு ஓடிப்போயிடுமா? அவர் ஏறட்டும்" என்று எந்திரி சார் அவனைவிடப் பெரிதாகக் கத்தினார். ஏறிவிட்டேன். ஒரு நிறுத்தம் போய், இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வந்தோம். முதலில் கத்திய அந்தக் கண்டக்டரே நான் இறங்கும்போது கை தட்டினான்.

கைப்பயிற்சிக்காரம்மா நேற்று கடைசியாக வந்து பார்த்தாள். சட்டை, செருப்பு, அடுப்பு எல்லாம் செய்து காட்டினேன். "எங்க வேலை முடிஞ்சுது சார், இனிமே நாங்க வரமாட்டோம்" என்றாள். இப்படிச் சொல்வதுதான் அவர்களுக்குச் சந்தோஷம் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே சொன்னாள். நான்தான் ஒரு டீ போட்டுக் கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். மத்தியானம் வந்துவிடும். கூட யாரும் வரவில்லை. ஜன்னலோரம், படிக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். உன் தங்கைக்குச் சொல்லிவிடு, எனக்காக எதையும் இடம் மாற்றி வைக்க வேண்டாம். நீ கண்ணாடி வெட்டுவதை ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாயைத் திறக்க மாட்டேன்.

கவுண்டரில் இருந்தவன், போக வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால் லாபம், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டான். எனக்குத் தெரியாது, அங்கே போய் என் மனைவியைக் கேட்க வேண்டும் என்றேன். ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர்